கார்டை வெச்சுட்டுப் போ

அத்தியாயம் 14

செல்வகுமார் அன்று காலை இரண்டு தடவை சட்டை மாற்றினான்.

முதலில் கம்பெனி யூனிஃபார்ம். அதைக் கழற்றிவிட்டு, தங்கை முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டை. கண்ணாடியில் பார்த்தான். பிடிக்கவில்லை. மறுபடியும் யூனிஃபார்ம்.

“இன்னாடா, பொண்ணு பாக்கவா போறே?” என்றாள் அம்மா சுசீலா, அடுப்பின் முன்னாலிருந்து.

சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

விசாரணைக்குப் போகிறவன் எந்தச் சட்டையில் போக வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் குடும்பத்து ஆட்களை முதலாளிகள் திட்டியிருக்கிறார்கள், துரத்தியிருக்கிறார்கள், சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். ‘விசாரணை’ என்று மரியாதையாகப் பெயர் வைத்துக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் செல்வகுமார் வேலை பார்க்கும் கம்பெனி கார்களுக்கு பிரேக் பாகம் செய்கிறது. பாகத்தில் காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. வரவில்லையென்றால் தன் கார்டை டேப்லெட்டில் வைத்து நாலு நம்பர் அடிப்பான். அந்த நொடியே அவன் பெயர் அந்தப் பாகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அது கம்பெனி கம்ப்யூட்டரில் மட்டும் கிடக்கிற கணக்கு இல்லை. வாங்குகிற கார் கம்பெனி, இரும்பு வார்த்துக் கொடுத்தவர்கள், அதே கார் கம்பெனிக்கு வேலை செய்யும் எஸ்டேட்டின் மற்ற பட்டறைகள், எல்லாரிடமும் ஒரே நேரத்தில் ஒரு நகல் விழும். ஒரு இடத்தில் திருத்தினால் மற்ற நகல்கள் காட்டிக் கொடுத்துவிடும். அதற்குத்தான் பிளாக்செயின் என்று பெயர்.

ஆடி மாதம் போன பெட்டி ஒன்றில் பாகங்கள் ஒழுகின. ஒரு காரில் பிரேக் பிடிக்கவில்லை. ஓட்டியவர் சுவரில் மோதிக் காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். பெட்டியின் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ‘சோதித்தவர்: செல்வகுமார்’ என்று வந்தது.

அந்த முறையை அந்தக் கம்பெனிக்குக் கொண்டுவந்த சாஃப்ட்வேர் டீமில் அவன் தங்கை சிம்ரன் இருந்தாள். வீட்டின் முதல் இன்ஜினியர். ஆபீஸில் அவள் பெயரைக் கேட்டதும் இந்தியில் பேச ஆரம்பிப்பார்கள். “நான் பருத்திப்பட்டு” என்று நிறுத்துவாள்.

சுசீலா தட்டில் இரண்டு தோசையை வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் இன்னும் ரோஸ் நிறத்தில் பளபளத்தது.

“நான் போன் பண்ணாமலே இருந்துருக்கணும்,” என்றாள். இதை அவள் சொல்லாத நாள் இல்லை. “ஒரு ஆட்டோ புடிச்சி நானே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். சாவவா போறேன்?”

“வாய மூடும்மா,” என்றான் செல்வகுமார்.

வேலப்பன்சாவடியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிறாள் சுசீலா. ஆடியில் ஒரு மதியம் சாம்பார் அண்டா அவள் காலில் சரிந்தது. முதலில் மகளுக்குத்தான் போன் போட்டாள். சிம்ரன் மீட்டிங்கில் இருந்தாள். போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அடுத்து, மகன் கம்பெனி கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி நம்பருக்குப் போட்டாள்.

செல்வகுமார் சூப்பர்வைசர் அமல்ராஜிடம் ஓடினான். அரை நாள் லீவு போட்டால் மாத போனஸ் போய்விடும். ஆள் இல்லையென்றால் லைன் நின்றுவிடும். அந்த ஷெட்டில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வதையே அமல்ராஜும் சொன்னார்.

“கார்டை வெச்சுட்டுப் போ.”

அங்கே அதுதான் வழக்கம். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கார்டு கிடையாது. கார்டு இருக்கிறவன் வெளியே போனால் டேப்லெட் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். நாலு நம்பர் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவன் அடிப்பான். டீக்குப் போனாலும் அப்படித்தான், சாவுக்குப் போனாலும் அப்படித்தான். ஏமாற்று என்று ஒருத்தரும் நினைத்ததில்லை. ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் நிற்பதை அங்கே உதவி என்பார்கள்.

அன்று நின்றவன் அருள். பேக்கிங் ஆள், கான்ட்ராக்ட். தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

*

பைக்கில் அண்ணனும் தங்கையும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். திருமுல்லைவாயல் சிக்னலில் வண்டி நின்றதும் சிம்ரன் ஆரம்பித்தாள்.

“நீ அன்னிக்கி அங்க இல்லேன்னு சொல்லுண்ணா.”

“சொல்லி?”

“உம் மேல தப்பு இல்லேன்னு ஆயிடும்ல.”

“கார்டு எப்பிடி அடிச்சிதுன்னு கேப்பாங்களே.”

“அமல்ராஜ்தான் வெச்சுட்டுப் போன்னாருன்னு சொல்லு. பயமா அவர்கிட்ட?”

“அவுரு அப்பிடிச் சொல்லவே இல்லேன்றாரு. மூஞ்சப் பாத்து சொல்றாரு சிம்மு. வெக்கமே இல்ல.”

“அப்போ அருளு பேரச் சொல்லு.”

செல்வகுமார் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பச்சை விழுந்தது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ கத்தியது.

“அவன் எனக்காக நின்னவன்டி,” என்றான், வண்டியை எடுத்துக்கொண்டே.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த எஸ்டேட்டில் முன்னெல்லாம் ஒரு ஷெட்டில் துரத்தினால் அடுத்த தெருவில் வேலை கேட்கலாம். அப்பா அப்படித்தான் பிழைத்தார். ஒரு முதலாளியோடு சண்டை போட்டு, அன்று சாயந்திரமே வேறொரு முதலாளியிடம் மூட்டை தூக்கினார். யார் என்ன செய்தார்கள் என்று அடுத்த தெருவுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் பாதிப் பேர் வாழ்ந்தார்கள். இப்போது எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். தெரிய வைத்ததில் அவளுக்கும் பங்கு உண்டு.

பக்கத்து வீட்டு ஜோதிகா ஒரு தடவை கேட்டாள்: “நீ பாக்கறது அந்த பிட்காயின் வேலையா? எங்க மாமன் அதுல போட்ட பணமெல்லாம் பூட்ச்சி. ஏமாத்து வேலைடி அது.”

“இது வேறக்கா. இதுல யாருமே ஏமாத்த முடியாது,” என்று அன்று பெருமையாகச் சொன்னாள் சிம்ரன். நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னொன்றையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனிக்குக் கார்டு முறையைக் கொண்டுவந்தபோது, ‘தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறீர்கள், வந்து போகிற கான்ட்ராக்ட் ஆளுக்கெல்லாம் எதற்கு’ என்று கம்பெனி கேட்டது. சரி என்று கார்டு தர வேண்டியவர்கள் பட்டியலைப் பாதியாக வெட்டியவள் அவள்தான். சாகும்வரை கான்ட்ராக்டில் இருந்தவரின் மகள்.

*

மேனேஜர் அறையில் ஏசி ஓடியது. மேனேஜரும், கார் கம்பெனியிலிருந்து வந்த ஓர் ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். அமல்ராஜ் சுவரோரமாக நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உட்காருங்க,” என்றார் கார் கம்பெனி ஆள்.

செல்வகுமார் உட்காரவில்லை. அந்த அறையில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

“இது உங்க கார்டுதானே?”

“ஆமா சார்.”

“சிஸ்டம்ல உங்க பேர் இருக்கு. நாங்க அதைத்தான் பார்ப்போம். வேற ஏதாவது சொல்லணுமா?”

அறைக்குக் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் அருள் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு பெட்டிக்கு ஒட்டுவான், நிமிர்ந்து பார்ப்பான். அடுத்த பெட்டிக்கு ஒட்டுவான், நிமிர்ந்து பார்ப்பான்.

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். “செல்வம், நான் நேராவே சொல்றேன். கவனக்குறைவுன்னு ஒத்துக்கோ. டெஸ்டிங்க விட்டு எடுத்து பேக்கிங்ல போடறேன். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். வேலை போகாது. இல்ல, நான் அங்க இல்ல, கார்டு வேற எவனோ அடிச்சான்னு ஆரம்பிச்சியானா அது மோசடி. நீயும் போவே, அடிச்சவனும் போவான். அப்புறம் எஸ்டேட்ல எங்க போய்க் கேட்டாலும் இதுதான் வந்து நிக்கும்.”

செல்வகுமார் யோசித்தது கொஞ்ச நேரம்தான். இரவெல்லாம் யோசித்தாகிவிட்டது. ஒருத்தருக்குக் கால் உடைந்திருக்கிறது. வேலை தெரியாத ஆளைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனது யார்? அமல்ராஜ் சொன்னார், சரி. கார்டை வைத்த கை யாருடையது?

“நாந்தான் சார் பாத்தேன். கவனிக்கல.”

மேனேஜர் மூச்சு விட்டார். அதையே டேப்லெட்டில் எழுதி, திருப்பி நீட்டினார். செல்வகுமார் கார்டை வைத்தான். நாலு நம்பரையும் தானே அடித்தான்.

வெளியே வந்தபோது அமல்ராஜ் பின்னாலேயே வந்தார். “தம்பி… மனசுல வெச்சுக்காதே. எனக்கும் குடும்பம் இருக்கு.”

“எல்லாருக்குந்தான் கீது சார்,” என்றான் செல்வகுமார். போய்விட்டான்.

*

அதே நேரத்தில், இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சிம்ரன் தன் டீம் லீட் அரவிந்தன் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“அழிக்க முடியாது சிம்ரன். உங்களுக்கே தெரியும்.”

“அழிக்கச் சொல்லலை சார். கீழே ஒரு விளக்கம் சேர்க்கலாம் இல்லையா? முறையை வெச்சவங்க சேர்க்கலாம்னு நாமதானே எழுதினோம்?”

அரவிந்தன் ஈரோட்டுக்காரர். கொரட்டூரில் ஃப்ளாட், ஒரு குழந்தை, மாதாமாதம் கடன் தவணை. கெட்டவர் இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சேர்க்கலாம். உங்க பேர்ல கையெழுத்தாகும். அவர் உங்க அண்ணன்னு நாளைக்கே தெரிஞ்சிடும். நம்ம கிளையன்ட் கார்டை மாத்தி மாத்தி அடிக்கிறாங்கன்னு நாமளே போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்களேன். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுங்க.”

“விசாரணை இப்ப நடந்துட்டிருக்கு சார்! திங்கட்கிழமை அவன் வேலையில இருக்க மாட்டான்.”

கம்பெனிக்குள் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். செக்யூரிட்டி நம்பருக்குப் போட்டாள்.

“மேனேஜர் ரூம்ல கீறாருமா. இப்போ கூப்புட முடியாது. இன்னா சொல்லணும்?”

என்ன சொல்ல? ஒரு செக்யூரிட்டியிடம் எதைச் சொல்லி அனுப்ப முடியும்? வைத்துவிட்டாள்.

தன் இடத்துக்கு வந்து டைப் செய்தாள். ‘குறிப்பிட்ட நாள் மதியம் செல்வகுமார் பணியிடத்தில் இல்லை. அவர் கார்டை வேறொருவர் பயன்படுத்தியுள்ளார்.’

அரவிந்தன் பின்னால் வந்து நின்றது தெரிந்தது.

“யாருன்னு போடாம விட்டா இதை எவனும் மதிக்க மாட்டான்,” என்றார் தயங்கி. “ஆனா பேர் போடறதுன்னா… நல்லா யோசிச்சுக்கோங்க.”

அவள் யோசிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணனின் முகம். ஐடிஐ முடித்துவிட்டு, தங்கை ஃபீஸுக்காக இரண்டு ஷிப்ட் பார்த்த முகம். அமல்ராஜ் மேல் கோபம், மேனேஜர் மேல் கோபம், கவிழ்ந்து கிடந்த தன் போன் மேல் கோபம். இத்தனை கோபமும் போய் விழுந்தது இவர்களில் யார் மேலும் இல்லை.

‘பயன்படுத்தியவர்: ஒப்பந்தத் தொழிலாளி அருள்’ என்று சேர்த்தாள்.

தன் கார்டை வைத்தாள். நம்பரை அடித்தாள். நகல்கள் போய் விழுந்தன.

*

சாயந்திரம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது கேசரி வாசனை அடித்தது.

“வாடி! உங்கண்ணன் வேல பொழச்சிது!” என்றாள் சுசீலா. நொண்டிய காலோடு நெய்க் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்திருந்தாள். “வேம்புலியம்மனுக்குத் தேங்கா ஒடைக்கணும்.”

செல்வகுமார் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். ரொம்ப நாளைக்கப்புறம் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

“எப்டிண்ணா?”

“இன்னா பெரிய எப்டி. நாந்தான் கவனிக்காம வுட்டேன்னு ஒத்துகினேன். பேக்கிங்ல போட்டுட்டாங்க. அருளுகூட டேப்பு ஒட்டிகினு கெடக்க வேண்டியதுதான். அவனும் தப்பிச்சான்.”

சிம்ரன் செருப்பைக் கழற்றாமலே கதவோரமாக உட்கார்ந்தாள்.

“இன்னாடி? மயக்கமா?”

“எத்தினி மணிக்குண்ணா ஒத்துக்கின?”

“அது இன்னாத்துக்கு? பதினொண்ணு இருக்கும்.”

“கார்டு வெச்சியா?”

“வெச்சேன்.”

அவள் சொன்னாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போதே அவன் முகத்தில் ஓடிய ரத்தம் திரும்பிப் போவதைப் பார்த்தாள். இனி ஆடி மாதத்துப் பெட்டிக்குக் கீழே இரண்டு வரிகள் இருக்கும். ‘நான்தான் பார்த்தேன்’ என்று அண்ணன் போட்டது. ‘அவன் அங்கே இல்லவே இல்லை’ என்று தங்கை போட்டது. இரண்டும் போகாது. யார் எப்போது திறந்து பார்த்தாலும் ஒன்று இன்னொன்றைப் பொய் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

“யாரக் கேட்டுடி போட்டே?” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“உனக்கு போன் போட்டேன்…”

“அருளு பேரையுமா போட்டே?”

அவள் தலை குனிந்தாள்.

“அவனுக்கு ஒரு கார்டு கெடையாது. அங்க அவன் பேரே கெடையாது. மொதமொதல்ல அவன் பேரு ஏறுனது இதுக்கா?”

“நீ மட்டும் மாட்டிக்கினு இருக்கறத பாத்துகினு இருக்கச் சொல்றியா?” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாத்தயும் நீயே தூக்கிகினு நிப்பே. என் ஃபீஸு, அம்மா காலு, இப்ப இது. ஒரு தபாகூட எங்கிட்ட சொல்ல மாட்டே. பைக்ல வரும்போதே நான் ஒத்துக்கப் போறேன்னு சொல்லியிருந்தா இன்னா?”

சொல்லியிருக்கலாம். சிக்னலிலிருந்து எஸ்டேட் வரைக்கும் நேரம் இருந்தது.

அவன் போன் அடித்தது. மேனேஜர். ஸ்பீக்கரில் போடத் தேவையில்லாத அளவுக்குக் கத்தினார்.

“அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து டிராமா பண்றீங்களா? ஒத்துக்கிட்டதும் பொய்யா? திங்கட்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அதுவரைக்கும் நீ கேட்டுக்குள்ளயே வராதே. அந்த இன்னொருத்தனை நான் தனியா பார்த்துக்கறேன்.”

சுசீலா கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரு முகத்தைப் பார்த்தாள், இன்னொரு முகத்தைப் பார்த்தாள். பெற்ற இரண்டில் எதைத் திட்டுவது என்று தெரியாமல் அடுப்பை அணைத்தாள்.

செல்வகுமார் அருளுக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தான். எழுந்து சாவியை எடுத்தான்.

“எங்கடா?”

“அருளுக்கு போன் போட்டா எடுக்க மாட்டேன்றான். கம்பெனி சொல்றதுக்கு முன்னாடி நான் நேர்ல சொல்லணும்.”

பைக் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

*

கால் மணிகூட ஆகவில்லை. வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது.

“அண்ணாத்தே! அண்ணாத்தே வூட்ல கீறாரா?”

அருள். குளித்து, தலையைப் படிய வாரி, கையில் ஒரு தூக்குப் பாத்திரம். எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறான்; வழியில் பைக்கைப் பார்க்கவில்லை.

சுசீலாதான் போனாள். “உள்ள வாப்பா. வெளிய போயிருக்கான். வந்துருவான்.”

“எங்க வூட்ல பத்மா மீன் கொழம்பு குடுத்தனுச்சிதும்மா. அண்ணாத்தைக்கு வஞ்சரம் புடிக்கும்னு சொல்லியிருந்தேன்.” தூக்கை வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். சிம்ரனைப் பார்த்ததும் சிரித்தான். “சிஸ்டர், உங்கண்ணன் மாதிரி ஒரு ஆளு கெடையாது. கண்ணாடி வழியா பாத்துகினே இருந்தேன். ஒரு தபா என் பக்கம் கையக் காட்டியிருந்தா நான் காலி. காட்டவேயில்ல.”

“தண்ணி குடிக்கிறியா?” என்றாள் சுசீலா.

“வோணாம்மா. இன்னொரு சங்கதி. கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல பழைய ஆளுக்கெல்லாம் கார்டு தரப் போறாங்கன்னு பேச்சு. எனக்கும் வரும்னு சொன்னாங்க. கார்டு வந்துட்டா பர்மனென்டுக்குப் பாதி வழி போயிட்ட மாதிரி, இல்ல சிஸ்டர்?”

சிம்ரன் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும். இப்போதே, இவன் இங்கே இருக்கும்போதே, வேறு யாரும் சொல்வதற்கு முன்னால்.

“அருள்ண்ணா, நான் ஒண்ணு சொல்லணும்…”

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கண்கள் விரிந்தன.

“பாத்தியா, கம்பெனி நம்பரு! கார்டு விஷயமாத்தான் இருக்கும்.” எழுந்து நின்றான். இடது கையால் தலையைச் சரிசெய்துகொண்டான். பிறகு, வெட்கப்பட்டுச் சிரித்தபடி, அடித்துக்கொண்டிருந்த போனை அவளிடம் நீட்டினான். “நீயே பேசு சிஸ்டர். அவங்க இங்கிலீஷ்ல எதுனா கேட்டா எனக்குப் புரியாது. நான் இங்கதான் கீறேன்னு சொல்லு.”

சிம்ரன் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.